இறைப் பண்புகளும் முன்னோர் நெறியும்

இறைவன் உண்டு என்று ஏற்பது நம்பிக்கையின் முதற்படி. அவன் ஒருவனே என்று தெளிவது இரண்டாம் படி. அவன் எத்தகையவன் என்று அறிவது மூன்றாம் படி. முதலிரு படிகளிலும் முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடு எழுந்ததில்லை. மூன்றாம் படியில்தான் அறிஞர் பெருமக்கள் வாதிட்டனர், பல நூல்கள் எழுதப்பட்டன, அரசர்கள் தலையிட்டனர், சிறைக் கதவுகள் திறந்து மூடின. இன்றும் நம் ஊர்களில் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்த்து நின்ற சகோதரர்கள், ‘அல்லாஹ் அர்ஷின் மீது’ என்னும் ஒரு தொடருக்குப் பொருள் சொல்வதில் முரண்பட்டு, ஒருவர் மற்றவரின் ஈமானையே ஐயுறும் நிலை காணப்படுகிறது. எனவே இப்பொருளை மார்க்க அறிஞர்கள் மட்டுமே பேசவேண்டிய நுண்பொருள் என்று ஒதுக்கிவிடுதல் இயலாது. கல்லூரி மாணவரும் இதன் அடிப்படையை அறிந்திருத்தல் நலம் என்று கருதுகிறோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் தலைமுறையையும் அதனை அடுத்து வந்த இரு தலைமுறைகளையும் சிறந்தவை எனப் போற்றியதாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளும் தெரிவிக்கின்றன. நபித்தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய தாபிஈன்கள், அவர்களையும் தொடர்ந்து வந்த தபஉத் தாபிஈன்கள் ஆகிய இம்மூன்று தலைமுறையினரையே ‘ஸலஃபு ஸாலிஹீன்கள்’ என்று வழங்குகிறோம். இறைவனின் பண்புகளை இம்முன்னோர் எவ்வாறு விளங்கிக் கொண்டனர்? அவர்களுடைய நெறி இன்று நமக்கு எவ்வகையில் வழிகாட்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோழர்கள் கேட்டவையும் கேளாதவையும்

நபித்தோழர்கள் வினாத் தொடுக்கத் தயங்கியவர்கள் அல்லர். பிறைகளைப் பற்றிக் கேட்டனர். மதுவைப் பற்றிக் கேட்டனர். அநாதைகளைப் பற்றியும், போரில் கிடைத்த பொருள்களைப் பற்றியும் கேட்டனர். அவர்கள் கேட்டதையும், அதற்கு விடை அளிக்கப்பட்டதையும் திருமறையே பல இடங்களில் பதிவு செய்துள்ளது. ஆனால் இறைவனின் ‘கை’ எத்தகையது, ‘முகம்’ எவ்வாறானது, அவன் அர்ஷின் மீது உயர்ந்ததன் தன்மை யாது என்று அவர்கள் துருவித் துருவிக் கேட்டதாக நம்பத்தகுந்த செய்தி எதுவும் இல்லை. கேட்கத் தெரியாமையால் அவர்கள் வாளாவிருக்கவில்லை. அரபுமொழியின் நுட்பங்களைத் தாய்ப்பாலோடு பருகியவர்கள் அவர்கள். எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்கவேண்டுவதில்லை என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது.

அத்தெளிவுக்கு ஒரு சான்று காண்போம். இறைவன் சிரிப்பதைப் பற்றி நபிகளார் ஒருமுறை எடுத்துரைத்தபோது, அபூ ரஸீன் (ரலி) என்னும் தோழர், “நம் இறைவன் சிரிப்பானா?” என்னும் கருத்தில் வினவினார். ஆம் என்று விடை வந்தது. அவ்வாறாயின் சிரிக்கும் இறைவனிடமிருந்து நமக்கு நன்மை கிட்டாமற் போகாது என்று அவர் மகிழ்ந்து கூறியதாக இப்னு மாஜாவின் தொகுப்பில் காண்கிறோம். அவருடைய உள்ளம் சென்ற திசையை நோக்குங்கள். சிரிப்பு என்றால் இதழும் பல்லும் வேண்டுமே என்று அவர் எண்ணவில்லை. அச்சொல்லுக்கு வேறு பொருள் இருக்குமோ என்றும் தேடவில்லை. சொல்லை ஏற்றார், அதிலிருந்து நம்பிக்கையைப் பெற்றார்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக மற்றொரு சான்று கிடைக்கிறது. கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) என்னும் பெண்மணி தம் கணவரைப் பற்றி நபிகளாரிடம் முறையிட்டார். அன்னையார் அவ்வீட்டின் ஒரு மூலையில்தான் இருந்தார்கள். அப்பேச்சின் சில பகுதிகள் அவர்கள் செவிக்கே எட்டவில்லை. ஆனால் அப்பெண்ணின் முறையீட்டை இறைவன் செவியுற்றான் என்னும் அறிவிப்போடு திருமறையின் 58ஆம் அத்தியாயம் இறங்கியது. எல்லாக் குரல்களையும் தன் கேள்வியால் சூழ்ந்துகொண்ட இறைவனை அன்னையார் வியந்து புகழ்ந்தார்கள். இறைவன் ‘செவியேற்பவன்’ என்பது அவர்களுக்கு ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. ஒரே அறையில் நிகழ்ந்து உணர்ந்த உண்மையாக இருந்தது.

இரு எல்லைகள்

தோழர்களின் காலம் கழிந்து, இஸ்லாமிய ஆட்சி ஈராக், பாரசீகம், குராஸான் எனப் பரவியபின் புதிய வினாக்கள் முளைத்தன. பிற சமயத்தாருடனும் கிரேக்கத் தத்துவத்துடனும் ஏற்பட்ட தொடர்பு ஒரு காரணம். அறிவால் அனைத்தையும் அளந்துவிட வேண்டும் என்னும் வேட்கை மற்றொரு காரணம். ஜஹ்ம் இப்னு ஸஃப்வான் (இறப்பு ஹி. 128) என்பார், பண்புகளை இறைவனுக்கு உரியவையாகக் கூறுவது அவனைப் படைப்புகளுக்கு ஒப்பாக்கிவிடும் என்று அஞ்சி, அப்பண்புகளையே மறுக்கும் நிலைக்குச் சென்றார். இது ‘தஅதீல்’ எனப்படும். பண்பை வெறுமையாக்குதல் என்பது இதன் பொருள். இதற்கு நேர் எதிராக, முகாத்தில் இப்னு சுலைமான் (இறப்பு ஹி. 150) என்னும் விரிவுரையாளர் இறைப் பண்புகளைப் படைப்புகளின் பண்புகளைப் போலவே பேசிவிட்டார் என்று பிற்கால அறிஞர் குறைகூறினர். இது ‘தஷ்பீஹ்’ எனப்படும். ஒப்புமை கற்பித்தல் என்பது இதன் பொருள். கிழக்கிலிருந்து இரு தீய கருத்துகள் வந்தன. ஒன்று மறுப்பவருடையது, மற்றொன்று ஒப்பிடுபவருடையது என்று இவ்விருவரையும் சுட்டி இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) கூறியதாக ஒரு செய்தி உண்டு.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே நம் முன்னோர் நின்றனர். அவர்கள் நின்ற இடத்தை வகுத்துக் கொடுத்தது திருமறையின் 42ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம். அவனைப் போன்றது எதுவுமில்லை என்று அவ்வசனம் கூறுகிறது. அதே மூச்சில் அவன் செவியுறுபவன், பார்ப்பவன் என்றும் கூறுகிறது. முற்பகுதி ஒப்புமையை நீக்குகிறது. பிற்பகுதி பண்பை நிலைநாட்டுகிறது. மனிதனுக்கும் செவியுண்டு, பார்வையுண்டு. ஆயினும் ஒப்புமை இல்லை என்று அறிவித்த இடத்திலேயே இவ்விரண்டையும் இறைவன் தனக்கு உரியனவாகச் சொன்னான் என்றால், பண்பை ஏற்பது வேறு, ஒப்புமை கற்பிப்பது வேறு என்பது வெள்ளிடை மலை. இமாம் புகாரீயின் ஆசிரியருள் ஒருவரான நுஐம் இப்னு ஹம்மாத் (ரஹ்) இதனையே வலியுறுத்தினார். இறைவனைப் படைப்புக்கு ஒப்பிடுவதும் தவறு. அவன் தன்னைப் பற்றிக் கூறியதை மறுப்பதும் தவறு. அவன் தன்னைப் பற்றிக் கூறியவற்றில் ஒப்புமை ஏதும் இல்லை என்பது அவருடைய முடிபு.

மதீனாவில் கிடைத்த விடை

இமாம் மாலிக் இப்னு அனஸ் (ரஹ்) அவர்கள் ஹி. 179 (கி.பி. 795)இல் மறைந்த மதீனத்துப் பேரறிஞர். அவர்களுடைய அவைக்கு ஒருவர் வந்து, ரஹ்மான் அர்ஷின் மீது உயர்ந்தான் என்று திருமறை (20:5) கூறுகிறதே, அஃது எவ்வாறு என்று கேட்டார். இமாமவர்கள் தலைகுனிந்தார்கள், அவர்கள் உடல் வியர்த்தது. பின்னர் நான்கு கூறுகளாக விடையளித்தார்கள். உயர்தல் என்பது அறியப்படாத சொல்லன்று. எவ்வாறு என்பது அறிவுக்கு எட்டுவதன்று. அதனை நம்புதல் கடமை. அதன் தன்மையைத் துருவுதல் முன்னோரிடம் இல்லாத நூதனம் என்பதே அவ்விடையின் சாரம். இதே கருத்தை இமாமவர்களின் ஆசிரியரான ரபீஅத்துர் ரஃய் (ரஹ்) அவர்களும் முன்னரே கூறியிருந்தார்கள். எனவே இது ஒருவரின் தனிக்கருத்தன்று. ஒரு பாசறையின் மரபு.

இமாமவர்கள் ஏன் வியர்த்தார்கள்? விடை தெரியாமையால் அன்று. படைத்தவனைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல் பிழைபட்டாலும் அது பெரும்பிழை என்னும் அச்சத்தால் வந்த வியர்வை அது. இன்று இத்தகைய பொருளை மேடையேற்றி, கைதட்டலுக்கிடையே விவாதிக்கும் போக்கை எண்ணும்போது, இமாமவர்களின் விடையோடு அவர்களின் வியர்வையையும் நாம் கற்கவேண்டும் என்று தோன்றுகிறது.

சிரியாவின் அவ்ஸாயீ, கூஃபாவின் சுஃப்யானுஸ் ஸவ்ரீ, எகிப்தின் லைஸ் இப்னு ஸஅத், மதீனாவின் மாலிக் ஆகிய நால்வரிடமும் இறைப் பண்புகள் குறித்த நபிமொழிகளைப் பற்றிக் கேட்கப்பட்டது. எவ்வாறு என வினவாமல், அவை வந்தவாறே அவற்றைச் செல்லவிடுங்கள் என்னும் ஒரே விடையை நால்வரும் அளித்ததாக வலீத் இப்னு முஸ்லிம் அறிவிக்கிறார். நான்கு நாட்டவர், நான்கு ஆசிரியர் மரபினர், ஒரே விடை. முன்னோர் நெறி யாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலக்கணம் கற்போர்க்கு ஒரு சொல்

தமிழ் பயிலும் மாணவர்க்கு இச்சிக்கலை நம் மொழியிலக்கணத்தின் துணைகொண்டு விளக்கலாம். தொல்காப்பியர் உவமவியலில் வினை, பயன், மெய், உரு என உவமையை நால்வகைப்படுத்துகிறார். ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடவேண்டுமாயின் தொழிலாலோ, பயனாலோ, வடிவாலோ, நிறத்தாலோ அவற்றிடையே ஒற்றுமை இருத்தல் வேண்டும். இறைவனைப் பொறுத்தவரை இந்நான்கு வாயில்களும் அடைபட்டுள்ளன. உவமை கூறப்படும் பொருள் நாம் அறிந்ததாக இருத்தல் வேண்டும். அவன் உள்ளமையோ நம் அறிவின் எல்லைக்குள் அடங்காதது. எனவேதான் ‘எவ்வாறு’ என்னும் வினாவுக்கு விடையில்லை. ‘எவ்வாறு’ என்று கேட்பவர் உண்மையில் ஓர் உவமையைத்தான் கேட்கிறார்.

‘கை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அவன் கை ஓங்கிற்று என்றால் செல்வாக்கு உயர்ந்தது என்பது பொருள். கைவிட்டான் என்றால் ஆதரவை நீக்கினான் என்பது பொருள். ஊர் சிரித்தது என்பதில் ‘ஊர்’ ஊராரைக் குறிக்கும் ஆகுபெயர். அரபியிலும் இத்தகைய வழக்குகள் உண்டு. ஆகவே இறைவனின் ‘கை’ என்பது ஆற்றலையோ அருளையோ குறிக்கும் என்று பிற்காலத்தார் பலர் விளக்கினர். இது ‘தஅவீல்’ எனப்படும். இவ்விளக்கத்தின் நோக்கம் தூயது. இறைவனுக்கு உறுப்புகள் உண்டு எனப் பாமரர் மயங்கிவிடக் கூடாதே என்னும் கவலையால் எழுந்தது அது. இதனை நாம் மறத்தலாகாது.

ஆனால் ஆகுபெயர் என்று கொள்வதற்கு இலக்கணம் ஒரு நிபந்தனை விதிக்கிறது. இயற்பொருள் அவ்விடத்துப் பொருந்தாமை தெளிவாகவேண்டும். ஊர் சிரிக்க இயலாது என்பது நமக்குத் தெரியும்; ஏனெனில் ஊரை நாம் அறிவோம். இறைவனின் உள்ளமையை நாம் அறியோம். அவ்வாறிருக்க, ஒரு சொல் அவனுக்குப் பொருந்தாது என்று முடிவு கட்டுவதற்கு நம்மிடம் உள்ள அளவுகோல் யாது? படைப்பின் கையை மட்டுமே கண்டு பழகியமையால்தான் அச்சொல்லைக் கேட்டவுடன் உறுப்பு நினைவுக்கு வருகிறது. முதலில் மனத்தில் ஒப்புமை தோன்றுகிறது. அதனை நீக்குவதற்குப் பின்னர் பொருளை மாற்றவேண்டியதாகிறது. முன்னோரோ முதற்படியிலேயே ஒப்புமைக்கு இடங்கொடுக்கவில்லை. ஆதலின் இரண்டாம் படிக்கு அவர்களுக்குத் தேவை எழவில்லை. மேலும், ஆதமைத் தன் இரு கைகளால் படைத்ததாகத் திருமறை (38:75) கூறுமிடத்து, ‘இரு ஆற்றல்கள்’ என்று பொருளுரைப்பது மொழிவழக்குக்கு ஒவ்வாது என்பதையும் அறிஞர் சுட்டியுள்ளனர்.

சொர்க்கத்தில் உள்ளவற்றுக்கும் இவ்வுலகில் உள்ளவற்றுக்கும் பெயரளவில்தான் ஒற்றுமை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கூற்று. அங்கும் பாலுண்டு, தேனுண்டு, கனியுண்டு. ஆயினும் அவற்றின் தன்மை வேறு. படைப்புக்கும் படைப்புக்கும் இடையிலேயே பெயர் ஒன்றாகித் தன்மை வேறாகலாம் எனின், படைத்தவனுக்கும் படைப்புக்கும் இடையே அவ்வேறுபாடு அளவிறந்தது என்பதை உணர்தல் அரிதன்று. பின்னாளில் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) இவ்வெடுத்துக்காட்டை விரித்துரைத்தார்.

சவுக்கடியும் சிறைக்கூடமும்

இறைப் பண்பு பற்றிய கருத்தை அரசாணையால் நிலைநாட்ட முயன்ற வரலாறும் உண்டு. முஅதஸிலாக்களின் கொள்கையை ஏற்ற அப்பாஸியக் கலீஃபா மஃமூன், ஹி. 218 (கி.பி. 833)இல் திருக்குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் கொள்கையை நீதிபதிகளும் அறிஞர்களும் ஏற்கவேண்டும் என்று ஆணையிட்டார். இறைவனின் ‘பேச்சு’ என்னும் பண்பே இங்கு வினாவுக்கு உள்ளாயிற்று. ‘மிஹ்னா’ என்று வரலாறு வழங்கும் இச்சோதனை முஅதஸிம், வாஸிக் ஆகிய கலீஃபாக்கள் காலத்தும் தொடர்ந்தது. அச்சத்தால் பலர் பணிந்தனர். நுஐம் இப்னு ஹம்மாத் சிறையிலேயே உயிர்நீத்தார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சிறையிடப்பட்டு, முஅதஸிமின் முன்னிலையில் சவுக்கால் அடிக்கப்பட்டார்கள். இறைமறையிலிருந்தோ நபிவழியிலிருந்தோ ஒரு சான்று தாருங்கள், ஏற்கிறேன் என்பதே அவர்களின் இடையறாத கோரிக்கையாக இருந்தது. கலீஃபா முதவக்கில் காலத்தில் அச்சோதனை முடிவுக்கு வந்தது.

இவ்வரலாற்றைக் கூறுவோர் இமாமின் உறுதியைப் போற்றுவதோடு நின்றுவிடுகின்றனர். அதற்கப்பால் நிகழ்ந்ததையும் கூறவேண்டும். தம்மை அடிக்கச் செய்த முஅதஸிமை அவர்கள் மன்னித்தார்கள். கொள்கையில் இம்மியும் விட்டுக்கொடாத ஒருவர், தனிப்பகையில் அனைத்தையும் விட்டுக்கொடுத்தார். இறைவன் மன்னிப்பவன் என்னும் பண்பை நம்பியவரின் நடத்தை அவ்வாறுதான் இருக்கும். மற்றொரு பாடமும் இதிலுண்டு. அறிவின் சுதந்திரத்தைப் பேசியதாகக் கருதப்பட்ட தரப்பினரே சவுக்கைக் கையிலெடுத்தனர். நுண்ணிய கருத்தைக் கட்டாயத்தால் புகுத்த முயன்றால், அக்கருத்து எவ்வளவு நயமுடையதாயினும் அது கொடுமையாகவே முடியும்.

நேர்மையோடு கூறவேண்டிய வேறுபாடு

முன்னோர் எவ்வாறு என வினவவில்லை என்பதில் அனைவரும் உடன்படுகின்றனர். ஆனால் அவர்கள் சொல்லின் பொருளை அறிந்து, தன்மையை மட்டும் இறைவனிடம் ஒப்படைத்தனரா? அல்லது பொருளையும் சேர்த்தே ஒப்படைத்தனரா? இவ்விடத்தில் பின்வந்த அறிஞர்கள் பிரிகின்றனர். முதற்கருத்தை இப்னு தைமிய்யா (ரஹ்) விரிவாக நிறுவினார். இரண்டாவது கருத்து ‘தஃப்வீள்’ எனப்படும். அஷ்அரீ மரபினர் பலர் முன்னோரின் நெறி இதுவே என்று கொண்டனர். முஸ்லிம் நபிமொழித் தொகுப்புக்கு உரை கண்ட இமாம் நவவீ (ரஹ்), இவ்வகை நபிமொழிகளில் அறிஞரிடையே இரு போக்குகள் உள்ளன என்று குறிப்பிட்டு, பொருளைத் துருவாது ஒப்படைப்பதை முன்னோரில் பெரும்பாலோரின் போக்காகவும், பொருத்தமான விளக்கம் கூறுவதைப் பிற்காலத்தார் பலரின் போக்காகவும் காட்டுகிறார்.

மேலும், நீங்கள் எங்கிருப்பினும் அவன் உங்களுடன் இருக்கிறான் என்னும் வசனத்துக்கு (57:4) அவனுடைய அறிவு உங்களுடன் இருக்கிறது என்று சுஃப்யானுஸ் ஸவ்ரீ (ரஹ்) போன்ற முன்னோரே பொருளுரைத்துள்ளனர். ஆகவே முன்னோர் எவ்விடத்தும் விளக்கமே கூறவில்லை என்பதும் பொருந்தாது. இஃதொன்றைக் காட்டி அனைத்துக்கும் விளக்கம் கூறலாம் என்பதும் பொருந்தாது.

இமாம் மாலிக் அவர்களின் விடையில், உயர்தல் என்பது அறியப்படாததன்று என்னும் கூறு முதலில் வருவதை நோக்க, சொல்லுக்குப் பொருளுண்டு, தன்மை மட்டுமே மறைவானது என்னும் முதற்கருத்தே வலுவுடையது என்று நாம் கருதுகிறோம். பொருளே அறியாத சொற்களால் இறைவன் தன்னை அடியாருக்கு அறிமுகம் செய்தான் என்பது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. எனினும் மாற்றுக் கருத்தினர் நம்மினும் குறைந்த இறையச்சம் உடையவர் என்று எண்ணுவதற்கு நமக்கு உரிமையில்லை. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் இறுதிக் காலத்தில் இயற்றிய ‘இல்ஜாமுல் அவாம்’ என்னும் நூலில், பொதுமக்கள் இத்தகைய சொற்களைக் கேட்கும்போது ஆற்றவேண்டிய கடமைகள் ஏழு என வகுத்தார். இறைவனைத் தூயவன் எனக் கொள்ளல், செய்தியை மெய்யென நம்புதல், தன் இயலாமையை ஒப்புக்கொள்ளல், வினவாதிருத்தல், சொற்களை மாற்றாதிருத்தல், மனத்தை அதில் அலையவிடாதிருத்தல், அறிந்தோரிடம் ஒப்படைத்தல் என்பன அவை. இதுவே முன்னோரின் நெறி என்றும் அவர் உரைத்தார். அஷ்அரீ மரபின் பெருந்தூணான அவரும், ஹன்பலீ மரபின் பெரியோரும் பாமரருக்குக் காட்டிய வழி பெரிதும் ஒன்றே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வாறு வினவாதிருத்தல் அறிவுக்குத் தளையிடுவதாகாதோ என்று கல்லூரி மாணவர் ஐயுறலாம். வானங்களையும் பூமியையும் இரவு பகலின் மாற்றத்தையும் சிந்திக்குமாறு திருமறை (3:190, 191) பன்முறை தூண்டுகிறது. சிந்தனைக்குத் தடையில்லை, அதற்குரிய களம் காட்டப்பட்டுள்ளது. தன் கருவி அளக்கக் கூடியது எது, அளக்க முடியாதது எது என்று அறிந்திருப்பதும் அறிவேயாம். பொன்னை நிறுக்கும் தராசால் மலையை நிறுக்க முயல்பவனை எவரும் அறிவாளி என்று கூறார்.

தமிழில் பெயர்ப்போர் பொறுப்பு

இப்பொருளில் தமிழ்த் துறையினருக்கும் ஒரு பங்குண்டு. திருமறையைத் தமிழாக்கம் செய்தோர் ‘இஸ்திவா’ என்னும் ஒரே சொல்லுக்கு உயர்ந்தான், அமைந்தான், அமர்ந்தான் எனப் பல சொற்களைக் கையாண்டுள்ளனர். இவை ஒரு பொருட் பன்மொழிகள் அல்ல. ‘அமர்ந்தான்’ என்பது படிப்போர் உள்ளத்தில் இருக்கையையும் உருவத்தையும் வரவழைக்கிறது. ‘ஆட்சி செலுத்தினான்’ என்று பெயர்த்தால் அது மொழிபெயர்ப்பாகாது. ஒரு தரப்பின் விளக்கமாகிவிடும். ஒவ்வொரு சொல்லும் ஒரு கொள்கையை ஏந்தி வருகிறது. எனவே மொழிபெயர்ப்போர் மூலச் சொல்லின் பொருளுக்கு அணுக்கமான தமிழ்ச் சொல்லை இடுவதும், விளக்கத்தை அடிக்குறிப்பில் தனியே வைப்பதும் கடனாகும். இறைவன் கூறியது எது, நாம் விளங்கிக்கொண்டது எது என்பதைப் படிப்பவர் பிரித்தறிய வேண்டும். சொல்லை வந்தவாறே செல்லவிடுங்கள் என்னும் முன்னோர் வாக்கு, மொழிபெயர்ப்பாளனுக்கும் ஓர் இலக்கணமாகும்.

பண்பை அறிதல் எதற்கு?

இறைவனுக்குத் தொண்ணூற்றொன்பது திருநாமங்கள் உள்ளன. அவற்றை ‘எண்ணியவர்’ சொர்க்கம் புகுவார் என்பது அபூ ஹுரைரா (ரலி) அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழி. எண்ணுதல் என்பதற்கு மனனம் செய்தல் மட்டும் பொருளன்று; பொருளுணர்ந்து அதன்படி ஒழுகுதலும் அடங்கும் என்று உரையாசிரியர்கள் விளக்கியுள்ளனர். நம் இல்லங்களின் சுவர்களில் அத்திருநாமங்கள் அழகிய எழுத்துகளில் தொங்குகின்றன. அவை நம் வாழ்வில் எத்துணை இடம்பெற்றுள்ளன என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது.

திர்மிதீயின் தொகுப்பில் நம் கவனத்தை ஈர்க்கும் ஓரிடம் உண்டு. தூய பொருளிலிருந்து ஒருவர் செய்யும் தருமத்தை இறைவன் தன் வலக்கையால் ஏற்று, ஒருவர் தம் குதிரைக் குட்டியை வளர்ப்பதுபோல் அதனை மலையளவு வளர்க்கிறான் என்னும் கருத்துடைய நபிமொழி அங்கு இடம்பெறுகிறது. அதனை அடுத்துத்தான், இத்தகைய செய்திகளை எவ்வாறு எனக் கேளாது ஏற்கவேண்டும் என்று மாலிக், சுஃப்யான் இப்னு உயைனா, அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் முதலியோர் கூறியதை இமாம் திர்மிதீ (ரஹ்) எடுத்தோதுகிறார். இவ்விவாதம் அமைந்திருக்கும் இடம் ஸகாத்தின் பாடம்! அந்நபிமொழி தருமம் செய்வதற்காகச் சொல்லப்பட்டது. இறைவனின் வலக்கையைப் பற்றி நாள் முழுதும் வாதிட்டு, தன் வலக்கையால் ஓர் ஏழைக்கும் ஈயாதவன் அந்நபிமொழியை விளங்கிக்கொண்டவன் ஆகான்.

இரவின் கடைசி மூன்றிலொரு பகுதியில் இறைவன் முதல் வானத்துக்கு இறங்கி, அழைப்பவர் உண்டா, கேட்பவர் உண்டா, மன்னிப்புத் தேடுபவர் உண்டா என்று வினவுவதாக நபிமொழி கூறுகிறது. அவன் எவ்வாறு இறங்குகிறான் என்று பின்னிரவு வரை வாதிட்டுவிட்டு, அந்நேரம் வந்ததும் உறங்கிப் போவாரும் உளர். தோழர்களோ அந்நேரத்தில் எழுந்து நின்றனர். ஒரே செய்தி, ஒரு தலைமுறைக்கு அது தொழுகையாயிற்று, மற்றொரு தலைமுறைக்கு அது வழக்காயிற்று.

கவ்லா அம்மையார் முதுமையில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை வழிமறித்து நெடுநேரம் அறிவுரை கூறியதாகவும், இக்கிழவிக்காக இத்துணை நேரம் நிற்கலாமா என்று உடனிருந்தோர் கேட்டபோது, ஏழு வானங்களுக்கு மேலிருந்து இறைவன் இவருடைய முறையீட்டைக் கேட்டானே, உமர் கேளாதிருப்பதா என்னும் கருத்தில் அவர்கள் விடையளித்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இதன் அறிவிப்புத் தொடரில் இடையறவு உண்டு என்று ஆய்வாளர் கூறினும், இறைப் பண்பை வாழ்வாக்கிக் கொள்ளும் முறைக்கு இஃது அழகிய விளக்கம். இறைவன் கேட்பவன் என்று நம்பும் ஆட்சியாளன் குடிகளின் குரலைக் கேட்பான். ஆசிரியன் மாணவனின் ஐயத்தைக் கேட்பான். பள்ளிவாசல் நிர்வாகிகள் எளியவர்களின் முறையீட்டைக் கேட்பார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தன் சகோதரனைக் ‘காஃபிர்’ என்று ஒருவர் அழைத்தால் அச்சொல் இருவருள் ஒருவரைச் சாராமற் போகாது என்பது நபிகளாரின் எச்சரிக்கை. தம் வாழ்நாளெல்லாம் கொள்கை வாதங்களில் ஈடுபட்ட இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்), தம் இறுதி வேளையில் நண்பர் ஒருவரை அழைத்து, கிப்லாவை நோக்கித் தொழுவோர் எவரையும் தாம் காஃபிர் எனக் கூறவில்லை என்றும், அனைவரும் சுட்டுவது ஒரே இறைவனைத்தான் என்றும், எஞ்சியவை சொல் வேறுபாடுகளே என்றும் உரைத்ததாக வரலாற்றாசிரியர் தஹபீ (ரஹ்) பதிவு செய்கிறார். தம் ஆசிரியர் இப்னு தைமிய்யாவும் தம் கடைசி நாள்களில் இதையொத்த கருத்தையே கூறிவந்தார் என்றும் அவரே எழுதுகிறார். இரு மரபுகளின் தலைமக்களும் வாழ்வின் அந்தியில் வந்து சேர்ந்த இடம் இது. அவர்கள் பெயரால் இன்று போரிடுவோர் அவ்விடத்தை ஏன் தொடக்கத்திலேயே அடைந்துவிடக் கூடாது?

இறைவன் தன்னைப் பற்றிக் கூறியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஏற்போம். அவனுக்கு ஒப்புமை கற்பியோம். எவ்வாறு என்னும் வினாவை அவனிடமே விட்டுவிடுவோம். கருத்து மாறுபடுவோரிடம் சான்றோடும் பண்போடும் பேசுவோம். கருணையாளன் என்று அவனை அழைக்கும் நாவு, சக மனிதனிடமும் கருணையோடு பேசட்டும். நம் முன்னோர் விட்டுச் சென்ற நெறி இதுவே. அந்நெறியில் நிலைத்து நிற்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.